பிஸ்கட் பாட்டில் இரண்டாவது ‘அப்பா’

ரூபன்,

இதை மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துப் படிக்கத் தொடங்கியிருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்க் கல்யாண வேலையைப் பார். மன்னிப்புக் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிரிக்பீல்ட்ஸில் வாழையிலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமே, அப்போது நீ ரசத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாய். என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால் ரசத்திடம் சொன்னாய். “அப்பா, ரிசெப்ஷன்ல நீங்க வாசிக்க வேணாம் லா. எங்க பேண்டே வாசிக்கும். நீங்க சும்மா ஷாலினி வீட்டு ஆளுங்களோட உக்காந்து சாப்பிடுங்க. நீங்க மேடை ஏறினா எல்லாரும் பிஸ்கட் பாட்டுதான் கேப்பாங்க.” உன் அம்மா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள். நான் அப்பளத்தை நொறுக்கி வாயில் போட்டுக்கொண்டேன். அதைச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். சம்மதம் எல்லாம் இல்லை. வாய் நிறைய அப்பளம் இருந்தது, அவ்வளவுதான்.

இதை உன் போனுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஊரறிய எழுதுவதற்குக் காரணமும் நீதான். கொஞ்ச நாளுக்கு முன் கிள்ளானில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். கழுத்தைச் சுற்றித் துணி, காதருகே கத்தரி, எழுந்து ஓட வழியில்லை. கடைக்காரர் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். “அண்ணே, ஒங்க மவன் ஒங்களப் பத்திப் பேசறாரு, பாருங்க.” யாரோ ஒருவர் நடத்தும் இணையப் பேட்டி. அதில் நீ கறுப்புச் சட்டையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாய்: “எங்கப்பாவும் ராக்கர்தான். ஆனா சோல்ட் அவுட் ஆயிட்டாரு. காலம் பூரா விளம்பரத்துக்கு வாசிச்சாரு. நாலு வயசுல என்னையும் மைக் முன்னால நிக்க வச்சி பிஸ்கட்டுக்குப் பாட வச்சிட்டாரு. நான் அந்த மாரி ஆவ மாட்டேன்.” பேட்டி எடுத்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார், கத்தரி என் காதோரம் ஆடியது. சோல்ட் அவுட் என்றால் எனக்குத் தெரிந்து, விடிந்து கொஞ்ச நேரத்திலேயே நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு தீர்ந்துபோவது. விற்றவள் கடையை மூடிவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். அதை ஒரு வசவாக நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று தெரியவில்லை. அது போகட்டும். அந்தப் பேட்டியில் நீ சொன்னதில் ஒன்று உண்மையே இல்லை, அது உனக்கே தெரியாது. அதற்கு வருகிறேன்.

முதலில், நான் எதை விற்றேன் என்கிறாயோ அதைப் பார்ப்போம். உன் தாத்தா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, தேவாலயத்தில் வாசிப்பதற்கு என்று எனக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார். நான் தேவாலயத்தில் வாசித்ததைவிடத் தெருவுக்கு வாசித்தது அதிகம், அக்கம்பக்கத்தில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள். பிறகு கிள்ளானுக்குக் குடிவந்தோம். அங்கே உன் சேகர் அங்கிள் கிடைத்தான். பண்டமாரான்காரன், பகலில் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டுவான், சாயங்காலம் பேஸ் கிட்டார். எங்கள் பேண்டுக்கு ‘லாஸ்ட் கோச்’ என்று பெயர் வைத்தோம், ரயில்வே வீட்டுப் பிள்ளை வேறு என்ன பெயர் வைப்பான். பண்டமாரானில் ஒரு லோரி பட்டறையின் பின்பக்கம் பயிற்சி. வெல்டிங் மெஷினும் எங்கள் ஆம்ப்ளிஃபயரும் ஒரே ப்ளக்குக்குச் சண்டை போடும். முடியை முதுகுவரை வளர்த்திருந்தேன். நீ அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா ஒரு காலத்தில் பெரிய புரட்சிக்காரர் என்று முடிவு கட்டியிருக்கிறாய்.

அந்தப் போட்டோ உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. நாங்கள் கோலாலம்பூர் பப்களில் வாசித்ததில் பெரும்பாதி வெள்ளைக்காரன் பாட்டு. அச்சு அசலாக, அவன் இருமினால் நாங்களும் இரும வேண்டும். எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றைத் தொடங்கினால் போதும், ஜனங்கள் பாத்ரூமுக்கு எழுந்துபோவார்கள். முதலாளி பாரிலிருந்து கையை ஆட்டுவார், போதும், அடுத்தவன் பாட்டுக்குப் போ என்று. இதுதான் நான் விற்றுவிட்டதாக நீ சொல்லும் ராக். ரூபன், என் வாழ்க்கையில் முழுக்க முழுக்க என் கையிலிருந்து பிறந்த இசையை யாரும் கைகாட்டி நிறுத்தாமல் நான் வாசித்தது விளம்பரத்துக்கு வந்த பிறகுதான். இதை வேண்டுமானால் அடுத்த பேட்டியில் சொல்.

முதல் விளம்பரம் லோரி டயருக்கு. பப்பில் எங்களைக் கேட்ட ஒருவர், முரட்டுத்தனமான கிட்டார் கொஞ்சம் வேண்டும் என்று கூப்பிட்டார். எனக்குள்ளும் உன்னை மாதிரி ஒரு பையன் இருந்தான், அவன் முகத்தைச் சுளித்தான். சேகரிடம் போய்ச் சொன்னேன். அவன் லோரிக்குக் கீழே படுத்துக்கொண்டே கேட்டான், “டயருக்கா? மச்சான், நான் அந்த டயர்லதான் லா சோறு திங்கறேன். ஒழுங்கா வாசி.” வாசித்தேன். பப்பில் யாரும் கேட்காத எங்கள் சொந்தப் பாட்டின் தொடக்கத்தையே எடுத்துப் போட்டேன். சில வாரம் கழித்துக் கேரி தீவில் ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டுத் திரும்பும் வழியில், பந்திங்கில் ஒரு காப்பிக் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். சுவரில் டிவி. திடீரென்று என் கிட்டார் அதிலிருந்து வந்தது. கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு எதிர்மேசையில் ஒரு சீன அங்கிள் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவருடைய குச்சிகள் கிண்ணத்தின் விளிம்பில் தாளம் போட்டன. அவருக்கே தெரியாமல் போட்டன. விளம்பரம் முடிந்ததும் குச்சிகள் நின்றன, அவர் சூப்பைக் குடித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சேகர் அதைப் பார்த்துவிட்டு மிளகாய் உறைக்குதா என்று கேட்டான்.

அதற்குப் பிறகு நான் செய்யாதது இல்லை. தரை கழுவும் திரவம், தலைவலித் தைலம், வங்கி, மின்விசிறி, பிறகு தமிழ்த் தொடர்கள். மாமியார் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கிட்டார் அலறுமே, அது என்னுடையதுதான். ஷாலினியின் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆமாம், கூலி வாங்கிக்கொண்டுதான் செய்தேன். உன் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குக் கூலி வாங்கினாள், அவளை யாரும் நோயாளிகளிடம் தன்னை விற்றுவிட்டாள் என்று சொல்லவில்லை. இசைக்காரன் மட்டும் பட்டினி கிடந்தால்தான் யோக்கியன் என்று யார் சட்டம் போட்டது?

சொன்னதையெல்லாம் தலையாட்டிக்கொண்டு செய்தேன் என்று நினைக்கிறாயா? ஒரு தீபாவளி விளம்பரம். நான் உறுமியை முன்னால் விட்டு, அதற்குக் கீழே கிட்டாரைக் கரகரவென்று ஓடவிட்டிருந்தேன். நம் தைப்பூசத்தில் கேட்கிற உறுமி, பட்டறையில் பழகிய கிட்டார், இரண்டும் நம் ஊர்ச் சத்தம். கம்பெனியிலிருந்து வந்த ஆள் கேட்டுவிட்டுக் குழம்பிப்போனார். “பாஸ், இது தீபாவளி லா. சித்தார் எங்கே?” நான் சொன்னேன், “பாஸ், எங்க பரம்பரையிலயே யாரும் சித்தார் வாசிச்சதில்ல. எங்க அப்பா ரயிலுக்குக் கொடி காட்டினவரு. அந்த ரயில் சத்தம் வேணுமா, போடறேன்.” அவர் எழுந்துவிட்டார். சித்தார் போடாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்துக்கொள்ளுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டேன். அந்த வருஷம் டிவியில் சித்தாரோடு வேறொருவர் இசைதான் வந்தது. அடுத்த வருஷம் இன்னொரு கம்பெனி அந்த உறுமியை அப்படியே வாங்கிக்கொண்டது. வாங்காமல் போயிருந்தாலும் நான் சித்தார் போட்டிருக்க மாட்டேன்.

இன்னொரு சண்டை உனக்குத் தெரியாது, ஏனென்றால் அது தினமும் நடக்கிற சண்டை. இந்த நாட்டில் ஒரு விளம்பரப் பாட்டு முதலில் மலாயில் பிறக்கும். பிறகு சீனத்தில். தமிழ் கடைசிப் பிள்ளை. எல்லாம் முடிந்து, படம் வெட்டி, மெட்டு அளந்து வைத்த பிறகு, ‘சும்மா டிரான்ஸ்லேட் பண்ணுங்க’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். மலாயில் இரண்டு அசையில் முடிகிற வார்த்தைக்குத் தமிழில் ஐந்து அசை வேண்டும். அதை அந்த இடத்தில் திணித்தால் பாடுகிறவள் மூச்சுத் திணறுவாள், கேட்கிறவனுக்கு ஒன்றும் புரியாது. சில சமயம் அந்தத் தாளும் வராது. தமிழர்கள் மலாய் விளம்பரத்தையே பார்த்துக்கொள்வார்கள், தனியாக எதற்கு என்பார்கள். நான் ஒவ்வொரு தடவையும் மேசையைத் தட்டியிருக்கிறேன். மெட்டுப் போடும்போதே தமிழும் உட்காரும்படி போடுவேன், பிறகு தமிழ் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள் என்பேன். மேடையில் முடியை ஆட்டுவது மட்டும் ராக் என்று யாராவது உனக்குச் சொல்லியிருந்தால், இதையும் அவர்களிடம் கேள்.

இப்போது பிஸ்கட்டுக்கு வருகிறேன். நீ நினைத்துக்கொண்டிருக்கும் கதை எனக்குத் தெரியும். நாலு வயசுப் பிள்ளையை அப்பா மைக் முன்னால் நிறுத்தினார், சொல்லிக் கொடுத்தார், திரும்பத் திரும்பப் பாட வைத்தார், பிஸ்கட் கொடுத்து வாயை அடைத்தார். இத்தனை வருஷமும் நான் அதை மறுக்காததற்குக் காரணம் உன் அம்மா. “புள்ள மானத்த வாங்காதீங்க” என்று அன்றைக்கே என் வாயைக் கட்டிப்போட்டாள். நீயே ஊரறியப் பேசிவிட்டாய், இனி எனக்குக் கட்டு இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் அப்போது என் ஸ்டூடியோ. உன் அம்மாவுக்கு வேலை, அதனால் உன்னை நான் கூட்டிவந்திருந்தேன். ஒரு சதுர டின்னில் விற்கிற பிஸ்கட்டுக்கு விளம்பரம். இயக்கியவர் காக் ஹஸ்னா, நம் வீட்டுக்கு நோன்புப் பெருநாள் பலகாரம் அனுப்புவாரே, அவர்தான். மலாய் வரி இதுதான்: ‘அப்பா? அப்பா? அப்பா டாலாம் டின்?’ வேறு ஊர்க்காரர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்லிவைக்கிறேன், மலாயில் அந்தச் சொல்லுக்கு ‘என்ன’ என்று அர்த்தம். என்ன, என்ன, டின்னுக்குள் என்ன என்று ஒரு குழந்தை கேட்க வேண்டும். பாட வேண்டிய குழந்தை சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது. அது வரும்வரை கிட்டாரை மட்டும் பதிவு செய்துவைக்கலாம் என்று நான் கண்ணாடி அறைக்குள் போனேன். நீயும் உள்ளே வருவேன் என்று அடம்பிடித்தாய், அங்கே குளுகுளுவென்று இருக்கும். காலி டின்னைக் கட்டிக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்தாய். சத்தம் போட்டால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். வெளியே ஹஸ்னா காதில் ஹெட்போனோடு இருந்தார். பதிவு ஓடியது.

நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நீ டின்னை இறுக்கிக்கொண்டு நெளிகிறாய். எனக்குத் தெரியவில்லை, நான் கிட்டாரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், “அப்பா!” என்றாய். சரியாகத் தாளத்தில் விழுந்தது, காலையிலிருந்து அந்த மெட்டையே கேட்டுக்கொண்டிருந்தாய் அல்லவா. நான் வாசிப்பதை நிறுத்தினேன். அந்த நிசப்தத்தில் இரண்டாவது தடவை, இன்னும் கொஞ்சம் அழுகையோடு, “அப்பா!” உனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். கிட்டாரைக் கீழே போட்டுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக் கோடியில் இருந்த கழிப்பறைக்கு ஓடினேன். போய்ச் சேரவும் சரியாக இருந்தது. திரும்பி வந்தால் ஹஸ்னா ஹெட்போனைக் கழற்றாமல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். “ஏ, சியாப்பா புடாக் து? டியா தாஞா அப்பா?” யார் அந்தப் பிள்ளை, என்ன கேட்கிறான் என்றார். அவர் காதுக்கு ஒரு குழந்தை ‘என்ன? என்ன?’ என்று கேட்டதாகத்தான் விழுந்திருக்கிறது. எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பாட வேண்டிய குழந்தை பிறகு வந்து அழகாகப் பாடிக் கொடுத்துவிட்டுப் போனது. ஹஸ்னா அதை ஓரமாக வைத்துவிட்டு உன் குரலையே எடுத்துக்கொண்டார்.

ஆகவே கேட்டுக்கொள். உன்னை யாரும் மைக் முன்னால் நிறுத்தவில்லை. நீ பிஸ்கட்டுக்குப் பாடவும் இல்லை. இந்த நாடே சேர்ந்து பாடிய அந்தப் பாட்டில் இருப்பது நீ என்னைக் கூப்பிட்ட குரல். கிட்டார் பாதியில் நின்று, ஒரு வெறுமை வந்து, அதில் குழந்தையின் குரல் தனியாக ஒலிக்கும் அந்த இடத்தை எத்தனையோ பேர் என்னிடம் பாராட்டினார்கள், எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. பிள்ளை கூப்பிட்டது, வாசிப்பதை நிறுத்தினேன்.

தமிழ்ப் பதிப்பு உன்னால்தான் வந்தது. அந்தக் கம்பெனி வழக்கம்போலத் தமிழ் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. நான் ஒரு தாளில் அந்த மலாய்ச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி அவர்கள் முன்னால் வைத்தேன். படித்துப் பாருங்கள், ‘அப்பா’ என்றுதான் வரும், குழந்தையை மறுபடி கூப்பிட வேண்டியதில்லை, பிள்ளை கேட்க வேண்டியதைத் தமிழிலேயே கேட்டுவிட்டான் என்றேன். ‘அப்பா, அப்பா, என்னப்பா டின்னுல’ என்று மீதியைப் பெரியவர்கள் பாடினார்கள். இரண்டு மொழிக்கும் ஒரே குரல். மலாய்க்காரர் வீட்டில் ஒரு பிள்ளை என்ன என்று கேட்டது, நம் வீட்டில் ஒரு பிள்ளை அப்பனைக் கூப்பிட்டது. முதன்முதலாக ஒரு விளம்பரத்தில் தமிழ் மூச்சுத் திணறாமல் உட்கார்ந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம் இன்றைக்கும் குறையவில்லை, குறைத்துக்கொள்ளவும் மாட்டேன்.

உனக்கு அது வலித்தது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நீ கேண்டீனுக்குள் நுழைந்தால் பையன்கள் தட்டைத் தட்டிக்கொண்டு அதைப் பாடுவார்கள். ஒரு நாள் நீ அழுதுகொண்டே வந்து டிவியில் அதை நிறுத்தச் சொல்லுங்கள் என்றாய். அவர்கள் வாயை என்னால் மூட முடியாது, ஆனால் உனக்கு ஒரு கிட்டார் தர முடியும் என்று என் பழைய கிட்டாரை உன் மடியில் வைத்தேன். நீ அதைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். வெளியே வந்தபோது என்னைவிட நன்றாக வாசிக்கிறவனாக வந்தாய். இதை வாய்ச்சொல்லாகச் சொல்லவில்லை. போன மாதம் உன் நிகழ்ச்சியில் பின்வரிசையில் தூணோரம் நின்றிருந்தேன், நீ பார்க்கவில்லை. உன் இடது கை செய்வதை என் கை எந்தக் காலத்திலும் செய்ததில்லை. நெஞ்சு நிறைந்துபோய் நின்றேன். ஆனால் உன் பாட்டின் முன்னிசை முடிவதற்குள் நான் வெளியே போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கேட்கிறவனைக் காக்க வை, வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று உனக்காவது தெரிந்திருக்கட்டும். மீ சாப்பிடுகிற அங்கிளின் குச்சி ஆடுகிறதா என்று பார். அவர் உன்னைக் கேட்க வரவில்லை, பசிக்கு வந்தார். அவரை ஆட்டிவைத்தால் நீ இசைக்காரன். உன்னைக் கொண்டாட வந்தவர்களை மட்டும் ஆட்டிவைக்க எல்லாராலும் முடியும்.

கல்யாணத்துக்கு என்று தனியாக ஒரு புத்திமதி சொல்லச் சொன்னால், என்னிடம் இருப்பதும் இந்தப் பிஸ்கட் பாட்டுதான். ஷாலினி நல்ல பெண், உன்னைவிடப் பொறுமைசாலி, அதனால் சத்தமாகக் கூப்பிட மாட்டாள். நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டு உன் நீளமான முன்னிசையை மெருகு போட்டுக்கொண்டிருப்பாய். அவள் ஒரு தடவை கூப்பிடுவாள். ‘ஒரு நிமிஷம் லா, ரெக்கார்டிங் போயிட்டு இருக்கு’ என்று சொல்லாதே. கிட்டாரை வைத்துவிட்டு எழுந்து போ. என்னத்துக்குக் கூப்பிட்டாள் என்பதெல்லாம் போன பிறகு தெரியும். அன்று நான் கையைக் காட்டி உன்னைச் சும்மா இருக்கச் சொல்லி, வாசித்து முடித்துவிட்டு எழுந்திருந்தால், எனக்குச் சுத்தமான கிட்டார் பதிவு ஒன்று கிடைத்திருக்கும். அந்த இரண்டாவது ‘அப்பா’ கிடைத்திருக்காது.

இனி ரிசெப்ஷன் விஷயம். நான் வாசிப்பேன். உன் பேண்ட் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கட்டும், முடித்த பிறகு நான் மேடை ஏறுவேன். சேகரிடம் சொல்லிவிட்டேன், அன்று லோரி எடுக்க மாட்டான், பேஸை இப்போதே துடைக்க ஆரம்பித்துவிட்டான். என் இடது காது கொஞ்சம் மந்தம், விரலும் முன்னைப்போல் ஓடாது, அதையெல்லாம் உனக்குச் சாக்காகக் கொடுக்க மாட்டேன். முதலில் உறுமி மெட்டு வாசிப்பேன். பிறகு ஜனங்கள் நீ பயப்படுகிற அந்தப் பாட்டைக் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நான் அதைத்தான் வாசிப்பேன். ஷாலினியின் பந்திங் சொந்தங்கள், கேரி தீவுக்காரர்கள், உன் அம்மாவோடு வேலை செய்த நர்சுகள், காக் ஹஸ்னா, உன்னைக் கேண்டீனில் கேலி செய்த அதே பையன்கள், நீ அழைத்திருக்கிறாயே, அவர்களும் பாடுவார்கள். முதல் ‘அப்பா’வை ஹாலே பாடும். அது ஊருக்குச் சொந்தமாகிவிட்டது, அதை உன்னாலும் என்னாலும் திருப்பி வாங்க முடியாது.

அதற்குப் பிறகு நான் வாசிப்பதை நிறுத்துவேன், அன்றைக்கு நிறுத்திய அதே இடத்தில். அந்த இடத்தில் யாரும் பாட மாட்டார்கள், சேகரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். அது உன் இடம். உனக்கு இஷ்டமில்லை என்றால் சும்மா இரு, அந்த வெறுமையை அப்படியே விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடுவேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நீ பாடினால் ஹாலில் பாதிப் பேருக்கு ‘என்ன’ என்று கேட்கும், பாதிப் பேருக்கு வேறு மாதிரிக் கேட்கும். எனக்கு எப்படிக் கேட்கும் என்று இப்போது உனக்குத் தெரியும். பட்டு வேட்டியோடு, மாலையோடு, வளர்ந்த ஆம்பிளையாக நின்று ஒரே ஒரு தடவை கூப்பிடு. கிட்டாரைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருகிறேனா இல்லையா பார்.

உன் அப்பா